கையிருப்பைப் பாதியாக்கினால் அது கடின லெவல் ஆகாது

கேளிக்கைப் பூங்கா நடத்தும் சிமுலேஷன் கேம்களை ஆடிப் பார்த்து, எண்களைச் சரிசெய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. போன வாரம் புதுக் குழு ஒன்று தன் கேமை அனுப்பியிருந்தது. மெனுவில் எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று லெவல். உள்ளே பார்த்தால் கடினத்தில் மாறியிருப்பது ஒரே ஒரு எண்: தொடக்கக் கையிருப்பு பாதி. இன்னும் எத்தனை பேருக்கு இதையே சொல்வது என்று அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

கணக்கைப் போட்டே காட்டிவிடுகிறேன். எளிது லெவலில் 10,000 டாலர், கடினத்தில் 5,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்ட முதலை ஒரு ராட்டினம் நாலு மாதத்தில் திருப்பித் தருகிறது. ஐந்தாயிரத்துக்கு ராட்டினங்கள் போட்டவர், நாலு மாத வசூலில் இன்னொரு ஐந்தாயிரத்துக்குப் போடுவார். எளிது லெவலில் ஆடுபவர் முதல் நாள் நின்ற இடத்துக்கு இவர் ஐந்தாம் மாதம் வந்து சேர்கிறார். அப்புறம் இரண்டும் ஒரே ஆட்டம்தான். நாலு மாதத் தாமதத்துக்கு நீங்கள் வைத்த பெயர் ‘கடினம்’. அதிலும் கடன் வாங்கும் பொத்தானை அப்படியே விட்டிருந்தால் அந்த நாலு மாதமும் மிச்சமில்லை.

இதில் அடிபடுவது யார்? கழிப்பறை எங்கே வைப்பது, மெக்கானிக்கை எப்போது எடுப்பது என்று தெரியாத புதியவர். முதல் வருடத்திலேயே திவாலாகிவிடுவார். ஆடிப் பழகியவருக்கோ இரண்டாம் வருடத்துக்கு மேல் வேலையே இருக்காது. சோதனை அறையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வேகத்தை உச்சத்தில் வைப்பார், மவுஸிலிருந்து கையை எடுப்பார், செல்போனை நோண்ட ஆரம்பிப்பார். கருத்துப் படிவத்தில் மட்டும் ‘நல்ல சவால்’ என்று எழுதிவிட்டுப் போவார். படிவத்தை நம்பாதீர்கள், கையைப் பாருங்கள்.

பணத்தைத் தொடாமலும் சவால் வைக்கலாம். 2002இல் வந்த ரோலர்கோஸ்டர் டைக்கூன் 2இல் ‘எக்ஸ்ட்ரீம் ஹைட்ஸ்’ என்று ஒரு பாலைவனப் பூங்கா உண்டு. பணக் கட்டுப்பாடு அறவே கிடையாது, இஷ்டத்துக்குக் கட்டலாம். ஆனால் அதைத் தொடக்கநிலைப் பட்டியலில் வைக்கவில்லை. திகில் தேடி வருகிற கூட்டத்தை இழுப்பதுதான் அங்கே வேலை. ‘ரெயின்போ சம்மிட்’ என்ற மலைச்சரிவில் உயரமாக எதையும் கட்டக் கூடாது. மரம் வெட்டத் தடை, நிலத்தை மாற்றத் தடை, விளம்பரத்துக்குத் தடை என்று இன்னும் எத்தனையோ கைவிலங்குகள் அந்த கேமிலேயே இருக்கின்றன.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பார்வையாளர் வருகையைக் கடினமாக்கும் விதி. சாதாரணமாக ரைடு சேரச் சேரக் கூட்டமும் சேரும். இந்த விதி இருந்தால், சுமார் ஆயிரம் பேருக்கு மேல் கூட்டம் ஏற வேண்டுமென்றால் குறைந்தது 600 மீட்டர் நீளமும், 6க்குக் குறையாத எக்ஸைட்மென்ட் மதிப்பெண்ணும் (ரைடு எவ்வளவு பரவசம் தருகிறது என்று கேமே போடுவது) உள்ள ரோலர்கோஸ்டர்கள் வேண்டும். சின்னச் சின்ன ராட்டினமாக நட்டுக் கூட்டம் சேர்க்கிற பழைய வித்தை அதோடு செல்லாது. பழகியவரும் உட்கார்ந்து யோசித்தாக வேண்டும். ஒரே குறை, இந்த வரம்பைத் திரையில் எங்கும் சொல்லமாட்டார்கள். அந்தக் காலத்தில் அது செல்லுபடியானது. இன்று நீங்கள் அப்படி ஒளித்து வைத்தால் ‘கேம் ஏமாற்றுகிறது’ என்றுதான் விமர்சனம் வரும்.

வேறு வழிகளும் உண்டு. 1994இல் வந்த புல்ஃபிராக் நிறுவனத்தின் தீம் பார்க், லெவல் ஏற ஏற வேலைகளைக் கூட்டியது. கீழ் லெவலில் கட்டிக்கொண்டே போகலாம், மேலே போனால் சரக்கு இருப்பும் சம்பளப் பேச்சுவார்த்தையும் உங்கள் தலையில். உருளைக்கிழங்கு வறுவலில் உப்பைக் கூட்டிக் குளிர்பான விற்பனையை ஏற்றுகிற திருட்டுத்தனமும் இந்த கேமில்தான். 2004இன் ரோலர்கோஸ்டர் டைக்கூன் 3, ஒரே பூங்காவுக்குள் அப்ரெண்டிஸ், ஆன்ட்ரப்ரனர், டைக்கூன் என்று இலக்குகளைப் படிப்படியாக அடுக்கியது. தாண்ட முடிந்தவர் தாண்டலாம், போதும் என்பவர் முதல் படியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, கேம் செய்கிறவர்களுக்கு: லெவலைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே என்னென்ன மாறும் என்று தெளிவாக எழுதுங்கள். ‘அனுபவசாலிகளுக்கு மட்டும்’ என்பது தகவல் இல்லை, வீறாப்பு. நடுவில் லெவலை மாற்ற விடுங்கள். பல மணி நேரம் கட்டிய பூங்காவை யாரும் ஆசையோடு அழிக்கமாட்டார்கள். முக்கியமாக, கேமைச் செய்த நீங்களே ஆடிப் பார்த்து ‘எளிதுதான்’ என்று தீர்ப்பு எழுதாதீர்கள். உங்களுக்கு விடைத்தாளே மனப்பாடம்.

வாங்கி ஆடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எளிது லெவலில் தொடங்குவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. கோஸ்டர் கட்டிப் பார்க்கும் ஆசைதான் என்றால் பணக்கணக்கே இல்லாத சாண்ட்பாக்ஸில் ஆடுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. ‘வியாபாரம் கற்றுக்கொள்ளட்டும்’ என்று பத்து வயதுப் பிள்ளைக்குக் கடின லெவலைப் போட்டுக் கொடுக்கும் அப்பாமார்களே, அது கற்றுக்கொள்வது கேமை மூடுவதை மட்டும்தான்.

ஆட முடியவில்லை என்று புகார் எழுதினால், எந்த லெவல், எந்த வருடம், எந்த மாதம் பணம் தீர்ந்தது, அப்போது நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்று நாலு வரி சேர்த்து எழுதுங்கள். சேவ் ஃபைலையும் இணைத்துவிட்டால் புண்ணியமாகப் போகும்.