லேப்டாப்பில் ஒரு கிளிக், மேசையில் ஒரு ‘டக்’

என் மேசை விளக்குக்கும் லேப்டாப்புக்கும் நடுவே இரண்டு முழம்தான் இருக்கும். விளக்கின் வயர் ஒரு ஸ்மார்ட் பிளக்கில் செருகியிருக்கிறது. ஒரு மழை நாள் சாயங்காலம் இன்டர்நெட் போய்விட்டது. விளக்கைப் போடலாமென்று திரையில் பட்டனை அழுத்தினால் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. வைஃபை நன்றாகத்தான் இருந்தது. லேப்டாப்பும் பிளக்கும் ஒரே ரவுட்டரில்தான் இருந்தன. அப்புறம் என்ன கேடு?

இரண்டும் நேரில் பேசிக்கொண்டதே கிடையாது என்பதுதான் விஷயம். இந்த வகைப் பிளக் கரண்ட் வந்ததும், தன்னைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வரைத் தானே கூப்பிடும். வீட்டு ரவுட்டர் கெடுபிடியான வாட்ச்மேன் மாதிரி. வெளியிலிருந்து முன்பின் தெரியாதவர் வந்தால் விடாது. உள்ளேயிருந்து ஒருவர் கூப்பிட்டால் அதற்கு வரும் பதிலை மட்டும் விடும். அதனால் பிளக் முந்திக்கொண்டு லைனைப் போட்டு, அதை வைக்காமலே இருக்கும். சும்மா கிடக்கிற லைனை ரவுட்டர் மறந்துவிடும் என்பதால் அவ்வப்போது ‘இருக்கேன்’ என்று ஒரு குட்டிச் செய்தியும் அனுப்பும். லேப்டாப்பில் நாம் அழுத்துவது முதலில் அந்த சர்வருக்குப் போகிறது. சர்வர் அந்தத் திறந்த லைன் வழியாகப் பிளக்கிடம் சொல்கிறது.

சுற்றுவழிதான், ஆனாலும் நேரம் ஆகாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சர்வர் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் போக 5 மில்லிநொடி, வர 5 மில்லிநொடி. தொல்லை தூரத்தில் இல்லை, நம் வீட்டுச் சாவி அடுத்தவர் இடுப்பில் தொங்குவதில் இருக்கிறது. அமெரிக்காவில் ரிவால்வ் என்றொரு ஸ்மார்ட் ஹோம் பெட்டி இருந்தது. அந்த நிறுவனத்தை 2014-ல் கூகுளின் நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. சுமார் 300 டாலர் விலையுள்ள பெட்டி, அதன்பின் அலமாரிக்கு அழகு சேர்க்க மட்டுமே உதவியது.

மழைக்குப் பிறகு பிளக்கை மாற்றினேன். சில பிளக்குகளுக்குள்ளேயே ஒரு குட்டி வெப் சர்வர் இருக்கும்; பல்கேரியாவின் ஷெல்லி பிளக்குகள் இந்த ரகம். அதன் ஐபி எண்ணை, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரியை, 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம், பிரவுசரின் முகவரிப் பட்டையில் தட்டினால் பிளக்கே ஒரு பக்கத்தைத் திறந்து பட்டனைக் காட்டும். செல்போனுக்கு ஆப் இருக்கிறது, கணினிக்கு இல்லையே என்று தேடி அலைய வேண்டாம். கட்டளை ரவுட்டரைத் தாண்டிப் போவதும் இல்லை.

பட்டனை அழுத்தியதும் பிளக்குக்குள் நடப்பதைப் பார்ப்போம். வைஃபை சிப் 3.3 வோல்ட்டில் ஓடுகிற ஆள். 230 வோல்ட் பக்கம் அதை அண்டவே விடக் கூடாது. அது தன் ஒரு காலில் மின்னழுத்தத்தை ஏற்றும், அவ்வளவுதான். அந்தக் காலோடு இணைந்த டிரான்சிஸ்டர் என்ற குட்டி மின்கதவு திறந்து, ரிலே என்ற மின்காந்த சுவிட்சின் கம்பிச் சுருளுக்கு மின்சாரத்தை விடும். சுருள் காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு அசைந்ததும் இரண்டு தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ளும். நம் காதில் விழும் ‘டக்’ அந்தச் சத்தம்தான். இத்தனை மென்பொருளும் ஓடியாடி, கடைசியில் விளக்கைப் போட்டது தந்திக் காலத்து மின்காந்தம்!

ஒரே ஒரு பிளக் என்றால் இத்தோடு சரி. பத்து இருபது சாமான் சேர்ந்துவிட்டால், ஒவ்வொன்றின் கதவையும் தட்டி ‘நீ ஆனா, ஆஃபா’ என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அதற்குத்தான் எம்க்யூடிடி என்ற செய்தி முறை. எண்ணெய்க் குழாய்களைத் தொலைவிலிருந்து கண்காணிக்க 1999-ல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உருவாக்கியது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்புவது அப்போது காசைக் கரைக்கும் காரியம். அதனால் செய்தியின் தலைப்பகுதியை 2 பைட் வரை சுருக்கினார்கள். அந்தச் சிக்கனம் இன்றைக்குச் சின்ன சிப்புகளுக்குத் தோதாகிவிட்டது.

இதில் நடுவில் இருக்கும் நிரலுக்கு புரோக்கர் என்றே பெயர். கல்யாணத் தரகர் மாதிரி, இரண்டு தரப்புக்கும் இவரைத் தெரிந்தால் போதும். ஒருவர் முகவரி மற்றவருக்கு வேண்டாம். பிளக் ‘வீடு/மேசை/விளக்கு’ என்ற தலைப்புக்குச் சந்தா கட்டி வைத்திருக்கும். அந்தத் தலைப்பில் லேப்டாப் ‘ஆன்’ என்று எழுதிப் போட்டால், புரோக்கர் அதைச் சந்தாதாரர்களுக்குச் சேர்த்துவிடும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது உயில். ஆமாம், அதன் பெயரே அதுதான். இணைப்பு போடும்போதே ‘நான் திடீரென்று போய்விட்டால் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடு’ என்று பிளக் ஒரு செய்தியை ஒப்படைத்துவிடலாம்.

புரோக்கரை லேப்டாப்பிலேயே ஓடவிடலாமா? விடலாம். ஆனால் மூடியை மூடினதும் வீடு ஊமையாகிவிடும். அதனால்தான் பலரும் ராஸ்பெர்ரி பை என்ற கையகலக் குட்டிக் கணினியை ரவுட்டர் பக்கத்தில் வைத்து, அதில் புரோக்கரோடு, எல்லாச் சாமான்களையும் ஒரே பக்கத்தில் காட்டி இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளையும் ஓடவிடுகிறார்கள். பவுலஸ் ஸ்கவுட்சன் 2013-ல் பைதான் என்ற நிரல்மொழியில் எழுதத் தொடங்கியது. வைஃபைக்குப் பதில் ஜிக்பீ என்ற வேறொரு ரேடியோ முறையில் பேசும் பல்புகளையும் சேர்க்க வேண்டுமென்றால் பென்டிரைவ் போன்ற ஒரு யூஎஸ்பி குச்சியை அதில் செருக வேண்டும், வைஃபை ரேடியோவுக்கு ஜிக்பீயின் பேச்சு புரியாது. லேப்டாப் வெறும் ஜன்னல்தான். பிரவுசர் பக்கம் அந்தக் குட்டிக் கணினியோடு ஒரு லைனைத் திறந்தே வைத்திருப்பதால், பிளக்கில் உள்ள பட்டனை யாராவது கையால் அழுத்தினாலும் திரையில் விளக்கு உடனே மஞ்சளாகும்.

ராத்திரி பத்து மணிக்கு அம்மா வீட்டை ஒரு சுற்று வருவார். சுவரில் எந்த சுவிட்ச் ஆனில் இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. நேற்றும் வந்து பிளக் பாயின்ட்டின் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனார். விளக்கு அணைந்தது, திரையில் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. 30 நொடிக்கு ஒருமுறையாவது குரல் கொடு என்று என் பிளக்கில் அமைத்திருக்கிறேன். அதைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 45 நொடி, சத்தமே இல்லையென்றால்தான் புரோக்கர் அது போய்விட்டதாக முடிவு கட்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 38-வது நொடியில் திரை விளக்கு சாம்பல் நிறமானது; அம்மா தட்டுவதற்கு 7 நொடி முன்புதான் பிளக் கடைசியாகக் குரல் கொடுத்திருக்க வேண்டும். புரோக்கர் உயிலை வாசித்துவிட்டது.