ஆசிரியரின் சட்டைப்பை பள்ளியின் கருவூலம் அல்ல

கிராமப்புற அரசுப் பள்ளிகளின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். அண்மையில் பார்த்த ஒரு பள்ளியின் சில்லறைச் செலவினப் பக்கத்தில் எட்டு மாதங்களாக ஒரு வரிகூட இல்லை. ஆனால் வகுப்பறையில் புது மின்விளக்கு எரிந்தது, கழிவறைக் கதவில் புதுத் தாழ்ப்பாள் இருந்தது, வினாத்தாள் நகல்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதும், தலைமையாசிரியர் கூச்சத்தோடு இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். அவரும் உதவி ஆசிரியர்கள் இருவரும் கைக்காசிலிருந்து செய்த செலவுகள் தேதிவாரியாக அதில் இருந்தன. ரசீதுகள் குண்டூசியால் குத்தப்பட்டிருந்தன. இப்படிப்பட்ட நோட்டுகளை எத்தனையோ முறை பார்த்துச் சலித்துவிட்டேன்.

"நல்ல ஆசிரியர் காசுக்குக் கணக்குப் பார்க்கமாட்டார்" என்ற பாராட்டைப் போலப் பள்ளிக்குக் கேடு செய்வது வேறில்லை. நிதி ஒதுக்குபவர் உங்கள் பள்ளிக்கு வந்து விளக்கைப் பார்ப்பதில்லை, கணக்கேட்டைத்தான் பார்க்கிறார். பெரும்பாலும் சென்ற ஆண்டுச் செலவை வைத்தே அடுத்த ஆண்டு ஒதுக்கீடு முடிவாகிறது. செலவே இல்லாத தலைப்புக்கு எதற்குப் பணம் என்று அவர் கேட்டால், காகிதத்தின்படி அவர் கேட்பது சரிதான். நீங்கள் கருணையோடு மூடிய பள்ளம், ஏட்டில் பள்ளமே இல்லை என்றாகிவிடுகிறது. காலிப் பணியிடமும் அப்படியே: ஒருவர் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து ஆண்டு முழுவதும் நடத்திக் காட்டிவிட்டால், இரண்டாவது ஆசிரியர் தேவையில்லை என்பதற்கு அவரே சான்றாகிவிடுகிறார். தலைக்கு இவ்வளவு என்று நிதி பிரிக்கும் முறை சிறிய பள்ளியை இன்னும் நெருக்குகிறது. இருபது பிள்ளைகள் படித்தாலும் இருநூறு பேர் படித்தாலும் ஓட்டைக் கூரை ஒரே மாதிரிதான் ஒழுகும்.

உரிமை கேட்பது பேராசையாகிவிடுமோ என்று தயங்குபவர்கள், ஆசிரியர்களின் நிலை குறித்து யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து உருவாக்கி, 1966 அக்டோபர் 5 அன்று ஏற்கப்பட்ட பரிந்துரையைப் படிக்க வேண்டும். தொலைதூரப் பகுதியில் பணிபுரியும் ஆசிரியருக்கு இலவசமாகவோ சலுகை வாடகையிலோ தகுந்த வீடு தர வேண்டும் என்றும், ஊதியமும் பணி நிலைமைகளும் ஆசிரியர் அமைப்புகளுடன் பேசித் தீர்மானிக்கப்பட வேண்டும் என்றும் அது கூறுகிறது. அது சட்டமாகக் கட்டுப்படுத்தாதுதான். ஆனால் கோரிக்கை மனுவில் மேற்கோள் காட்டத் தக்கது. அரசுச் செலவில் 15 முதல் 20 விழுக்காடு கல்விக்குச் செல்ல வேண்டும் என்பது 2015இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த உலகக் கல்வி மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட அளவுகோல்களில் ஒன்று. பெற்றோர் அதைத் தங்கள் மக்கள் பிரதிநிதியிடம் நினைவூட்டலாம்.

பொருள் வாங்கும் முன் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். அவசரத்துக்குக் கைக்காசு போட்டால் அன்றே பதிவேட்டில் ஏற்றி, திரும்பப் பெறக் கோருங்கள். சேர்த்து நடத்திய வகுப்புகளை நாள்தோறும் குறித்து வையுங்கள். சம்பளம் தாமதமானால் தனியாளாக அலுவலகப் படியேறாமல் சங்கத்தின் வழியாகக் கேளுங்கள். ஆண்டு இறுதியில் வந்து சேரும் நிதி செலவாகாமல் திரும்பிப் போனால், தாமதமாக வந்த தேதியைத் தயவுசெய்து கோப்பில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் பழி உங்கள் பெயரில்தான் நிற்கும்.

அந்த நோட்டில் இருந்த ரசீதுகளில் பாதி, வெப்ப அச்சுத் தாள் என்பதால், வெளுத்து வெற்றுக் காகிதமாகியிருந்தன. ரசீது கைக்கு வந்த அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.