பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போல

‘அணுவிசை நுண்ணோக்கியில் லென்ஸே கிடையாதாமே, பிறகு எப்படிப் பார்க்கிறது?’ என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். அது பார்ப்பதில்லை, தடவுகிறது.

ஸ்டான்ஃபோர்டில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த கால்வின் குவெய்ட், 1970களில் ஒலியலையால் இயங்கும் நுண்ணோக்கியைச் செய்துகொண்டிருந்தவர். 1980களின் தொடக்கத்தில் சூரிக்கில் பின்னிக், ரோரர் என்ற இரு இயற்பியலாளர்கள் மின்னோட்டத்தை வைத்து அணுக்களைத் துழாவும் கருவி ஒன்றைச் செய்தார்கள். மின்சாரம் கடத்தாத ரப்பருக்கும் புரதத்துக்கும் அது உதவாது. அறுபதை நெருங்கிய வயதில் குவெய்ட் இந்தப் பக்கம் தாவினார். 1986இல் பின்னிக், கெர்பர், குவெய்ட் மூவரும் அணுவிசை நுண்ணோக்கியை அறிவித்தார்கள். மெல்லிய தங்கத் தகட்டுக் கீற்றின் நுனியில் ஊசியாக ஒட்டிய வைரத் துணுக்குதான் அதன் விரல். பொருளின் மேடுபள்ளத்தை ஊசி தடவும்போது கீற்று ஒரு வில்போல வளையும். (நம்மூர் மானிய விண்ணப்பத்தில் ‘இத்துறையில் முன் அனுபவம்’ என்ற கட்டத்தில் அவர் என்ன எழுதியிருப்பாரோ!)

தொட்டால் அணு நகர்ந்துவிடாதா? அணுக்களைப் பிடித்துவைத்திருக்கும் பிணைப்பையும் ஒரு சுருள்வில்லாக எண்ணிக்கொண்டால், அதன் விறைப்பு, அதாவது வளைக்கவோ இழுக்கவோ தேவைப்படும் விசை, மீட்டருக்குச் சுமார் 10 நியூட்டன். சமையலறை அலுமினியத் தாளில் 4 மில்லிமீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டினால் அதன் விறைப்பு மீட்டருக்கு 1 நியூட்டன்தான். வளைவது கீற்று, அணு இருந்த இடத்திலேயே இருக்கும்.

அந்த வளைவை அளப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். வகுப்பறையில் கைக்கண்ணாடியால் வெயிலைச் சுவரில் ஆடவிட்டிருக்கிறீர்களா? விரல் துளி அசைந்தால் வெளிச்சம் கரும்பலகையைத் தாண்டி ஓடும். 1988இல் மேயரும் ஆமரும் இதையே செய்தார்கள்: கீற்றின் முதுகில் லேசர், எதிரே ஒளி உணரி. கீற்றின் நீளம் 100 மைக்ரான், உணரி 5 சென்டிமீட்டர் தள்ளி என்றால், நுனி 1 நானோமீட்டர் அசைய ஒளிப்புள்ளி 1,500 நானோமீட்டர் நகர்கிறது.

மென்மையான பொருட்களில் இன்னொரு சிக்கல். தயிர் ஆடைமேல் கத்தியை இழுத்தால் ஆடையும் கூடவே வரும். அதனால் இழுக்காமல் தட்டுகிறார்கள், நொடிக்கு 3 லட்சம் தடவைகூட. பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கும் கை, காயையும் பழத்தையும் பிரித்தறிகிறது அல்லவா? ஒட்டும் இடத்தில் ஊசி தன் ஆற்றலில் கொஞ்சத்தை இழக்கிறது. அதன் ஆட்டம், ஆட்டுவிக்கும் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலையே படமாக வரைந்தால், உயரப் படத்தில் ஒரே சமதளமாகக் கிடந்த பிளாஸ்டிக் கலவையில் ரப்பர் துளிகள் தனித்தனியே எழுந்து நிற்கின்றன.