ஏரி பச்சையா தெரிஞ்சா உடனே சந்தோஷப்படாதீங்க: சென்னையோட சூழல் எவ்ளோ நலிஞ்சிருக்குன்னு எப்படி அளக்குறாங்க?

2015 டிசம்பர்ல வெள்ளம். 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரியும் கிட்டத்தட்ட வறண்டு போயி லாரித் தண்ணிக்கு குடத்தோட வரிசை. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்து வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் மறுபடியும் வீட்டுக்குள்ள தண்ணி. எட்டு வருஷத்துக்குள்ள ஒரே ஊர் மூழ்கவும் செய்யுது, தண்ணிக்குத் தவிக்கவும் செய்யுதுன்னா அதை மழை மேல மட்டும் பழி போட்டு விட்டுட முடியாது, ஊருக்கு அடியில இருக்குற இயற்கை அமைப்பே தாங்குற சக்தியை இழந்துட்டு வருது. அது எந்த ஏரியாவுல எவ்ளோன்னு அளக்க ஒரு முறை இருக்குங்க.

மூணு விஷயம் பாப்பாங்க. ஒரு இடத்து மேல எவ்ளோ அழுத்தம் விழுது (கட்டடம், ஜனநெருக்கம், வெயில்), அந்த இடம் இயல்பாவே எவ்ளோ சுலபமா பாதிக்கப்படும் (தாழ்வான நிலமா, கடலோரமா, தண்ணி இறங்காத களிமண்ணா), அடி வாங்குனா திரும்பத் தேறி வர அதுக்கு என்ன இருக்கு (மரம், ஏரி, சதுப்பு). பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல இந்த மூணும் ஒரே இடத்துல மோதுது. தென்சென்னை ஏரிகளோட உபரித் தண்ணி அங்க வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்குப் போயி, அப்புறம் கோவளம் முகத்துவாரத்துல கடல் சேரணும். 2022ல ராம்சர் பட்டியல்ல (உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலங்களோட பட்டியல்) சேர்ந்தது சுமார் 1,247 ஹெக்டேர், அதைச் சுத்தி இருந்த சதுப்புல பெரும்பகுதி இப்ப ரோடும் அபார்ட்மென்ட்டும் குப்பைக் கிடங்கும் தான்.

ஊர் எவ்ளோ மாறியிருக்குன்னு பாக்க பழைய நிலைமையும் தெரியணும், முப்பது வருஷத்துக்கு முன்னாடி நிலைமைக்கு எங்க போறது? அதுக்குத் தான் லேண்ட்சாட் செயற்கைக்கோள். 1984ல போன லேண்ட்சாட் 5ல இருந்து இன்னிக்கு வரைக்கும் படங்கள் இலவசமா கிடைக்குது. ஒரு பிக்சல் (படத்தோட ஒரு புள்ளி) 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது நம்ம கணக்குல கிட்டத்தட்ட நாலு கிரவுண்ட். செழிப்பான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை நல்லா திருப்பி அனுப்பும். அகச்சிவப்புல இருந்து சிவப்பைக் கழிச்சு, வர்றதை ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்தா பசுமைக் குறியீடு வந்துடும். அகச்சிவப்பு 0.45, சிவப்பு 0.05னா 0.8, நல்ல மரக்கூட்டம். 0.25, 0.20னா 0.11 தான், மண்ணோ கான்கிரீட்டோ. தண்ணின்னா பெரும்பாலும் மைனஸ்ல போயிடும்.

இங்க தான் ஒரு வில்லங்கம். ஒரு ஏரிக்குள்ள சாக்கடை கலந்து ஆகாயத்தாமரை மூடிட்டா, மைனஸ்ல இருந்த பிக்சல் எல்லாம் திடீர்னு 0.6, 0.7க்கு ஏறிடும், கம்ப்யூட்டர் அந்த இடம் செழிச்சிருச்சுன்னு சொல்லும், ஆனா கீழ ஆக்ஸிஜன் இல்லாம மீன் செத்துட்டு இருக்கும். சீமைக்கருவேலமும் இதே மாதிரி தான் ஏமாத்தும். அதனால பழைய நீர்நிலை வரைபடத்தை மேல வெச்சு, தண்ணி இருக்க வேண்டிய இடத்துல பச்சை தெரிஞ்சா அதைக் கெட்ட செய்தியா கணக்குல எடுக்கணும், நேர்ல ஒருத்தர் போயும் பாக்கணும்.

அடுத்து ஒப்பீடு. மழை முடிஞ்ச ஜனவரியையும் கத்திரி வெயில் மே மாசத்தையும் வெச்சு ஒப்பிட்டா வர்றது சீசன் வித்தியாசம் தான், ஊரோட மாற்றம் இல்ல. 2016 டிசம்பர்ல வர்தா புயல் அவ்ளோ மரங்களைச் சாய்ச்சதே, அதுக்கு மறு மாசத்துப் படத்தை மட்டும் எடுத்தா பல வருஷச் சரிவு மாதிரி தெரியும், அதனால பல வருஷத்தை வரிசையா பாக்குறது தான் சரி. இன்னொன்னு, பசுமை, வெப்பம், ஜனநெருக்கம் எல்லாத்தையும் ஒரே அளவுகோலுக்கு, அதாவது 0ல இருந்து 1க்குள்ள கொண்டு வருவாங்க இல்லையா, அதை ஒவ்வொரு வருஷத்துக்கும் தனித்தனியா செஞ்சா கதை முடிஞ்சது. ஊர் முழுக்க ஒரே சீரா 3 டிகிரி கூடியிருந்தாலும் ரெண்டு மேப்பும் ஒரே மாதிரி தான் வரும்! எல்லா வருஷத்துக்கும் சேர்த்து ஒரே குறைந்தபட்சம், ஒரே அதிகபட்சம் வெச்சா தான் மாற்றம் தெரியும்.

எதுக்கு எவ்ளோ முக்கியத்துவம்னு முடிவு பண்றதுலயும் ரெண்டு வழி இருக்கு. நிபுணர்கள் ஒண்ணோட ஒண்ணை ஜோடி ஜோடியா ஒப்பிட்டு மார்க் போடலாம், இல்ல புள்ளியியல் முறையில டேட்டாவையே பேச விடலாம். ரெண்டுலயும் பண்ணிப் பாத்து, ரெண்டுலயும் ரொம்ப நலிஞ்சதா, அதாவது மேப்புல சிவப்பா வர்ற இடத்தை முதல்ல கவனிக்கணும்ங்கிறது என் கருத்து.

இப்ப இதெல்லாம் ரொம்ப அவசரமான விஷயம், ஏன்னா 1,189 சதுர கிலோமீட்டரா இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 2022ல 5,904ஆ விரிச்சாச்சு. புது எல்லைக்குள்ள வயலும் ஏரியும் நிறைய இருக்கு. பழைய எல்லைக்குப் போட்ட சராசரியை புது எல்லை சராசரியோட அப்படியே ஒப்பிட்டா சென்னை ஒரே ராத்திரியில தேறிட்ட மாதிரி நம்பர் வரும், யாராவது அப்படி ஒரு மேப்பைக் காட்டினா எல்லை எதுன்னு முதல்ல கேளுங்க.