வரிசை 10 தளத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்களா? அனுப்பும் முன் ஒரு நிமிடம்

இந்த மாதமும் எனக்கு ஒரு 'கண்டுபிடிப்பு' வந்து சேர்ந்தது. வரிசை 10 கொண்ட வீழ்ப்புத் தளம் (ப்ரொஜெக்டிவ் பிளேன்; புள்ளிகளும் கோடுகளும் ஒரு கண்டிப்பான விதிப்படி பொருந்தும் அமைப்பு) கிடைத்துவிட்டதாம். 111 புள்ளிகள், 111 கோடுகள், கோட்டுக்கு 11 புள்ளிகள் என்று அட்டவணை பளிச்சென்று இருந்தது. முதல் பக்கத்திலேயே இரண்டு கோடுகள் இரண்டு பொதுப் புள்ளிகளோடு நின்றன. முதுகலை மாணவர்களின் புராஜெக்ட்டுகளிலும் இதே கதைதான், அங்கே வரிசை 4 அல்லது 6. இனி தனித்தனியாகப் பதில் எழுதத் தெம்பில்லை.

விதி தெரிந்ததே. எந்த இரண்டு புள்ளிகள் வழியாகவும் ஒரே ஒரு கோடு. எந்த இரண்டு கோடுகளும் ஒரே ஒரு புள்ளியில் வெட்ட வேண்டும். வரிசை n என்றால் n²+n+1 புள்ளிகள், அத்தனை கோடுகள், கோட்டுக்கு n+1 புள்ளிகள். மிகச் சிறியது 7 புள்ளிகள் கொண்ட ஃபானோ தளம். (அதன் படத்தில் வட்டமாக வரையப்படுவதும் கோடுதான். தயவுசெய்து இதை மறுபடியும் கேட்காதீர்கள்.)

தவறு எங்கே நுழைகிறது என்றால், எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது, ஆகவே தளம் கிடைத்துவிட்டது என்று நம்புவதில். வரிசை 4-ஐ எடுத்துக்கொள்வோம். 0, 1, 2, 3 என்ற எண்களை வைத்து, 4-ஆல் வகுத்த மீதியில் கணக்குப் போட்டு y = mx + c என்று எழுதுகிறீர்கள். 16 புள்ளிகள், 16 சாய்கோடுகள், 4 நிலைக்குத்துக் கோடுகள். முடிவிலியில், கோடுகளின் ஒவ்வொரு திசைக்கும் ஒன்றாக, 5 புள்ளிகளையும் அவற்றுக்கு ஒரு கோட்டையும் சேர்த்தால் 21 புள்ளிகள், 21 கோடுகள், கோட்டுக்கு 5 புள்ளிகள். அச்சு அசலாகத் தளம் போலவே இருக்கும். இப்போது (0,0), (2,0) இரண்டையும் பாருங்கள். y = 0 இரண்டின் வழியாகவும் போகிறது. y = 2x? இரண்டு பெருக்கல் இரண்டு நான்கு, மீதி 0. அதுவும் போகிறது! அடுத்து (0,0), (2,1). 2m = 1 ஆக வேண்டும்; நான்கின் மீதியில் அப்படி ஒரு m இல்லவே இல்லை. அந்த ஜோடிக்குக் கோடே கிடையாது. ஒரு ஜோடிக்கு இரண்டு கோடு, இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை, ஆனால் மொத்தக் கணக்கு மட்டும் சரி. 6-லும் 10-லும் இதேதான் நடக்கிறது. பூஜ்யம் அல்லாத இரண்டு எண்களைப் பெருக்கிப் பூஜ்யம் வரும் இடத்தில் வகுக்க முடியாது. களம் (ஃபீல்டு) வேண்டும், அதாவது பூஜ்யம் தவிர எந்த எண்ணாலும் வகுக்க முடிகிற எண் அமைப்பு. வரிசை 4-க்கு வேண்டியது நான்கு உறுப்புகள் கொண்ட களம்: 0, 1, w, w+1; அதில் 1+1 = 0, w² = w+1. பகா எண்களின் அடுக்குகளுக்கு (2, 3, 4, 5, 7, 8, 9 போன்றவை) மட்டுமே இப்படிக் களம் உண்டு.

களம் இல்லாமலும் தளம் வரலாமே என்றால், வரலாம். வரிசை 9-இல் நான்கு தளங்கள் உண்டு, அதில் ஒன்று மட்டுமே களத்திலிருந்து வருவது. ஆனால் வரிசை 9-க்குக் களமும் இருக்கிறது. பகா எண் அடுக்கு அல்லாத வரிசையில் இதுவரை ஒரு தளம்கூடக் கிடைத்ததில்லை. கிடைக்கவே கிடைக்காது என்று நிரூபிக்கப்படவும் இல்லை.

அடுத்த வகையினர் புரூக்–ரைசர் தேற்றத்தோடு வருவார்கள். 1949-இல் வந்தது. n-ஐ 4-ஆல் வகுத்து மீதி 1 அல்லது 2 வந்து, அந்த வரிசையில் தளமும் இருந்தால், n இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். 6, 14, 21 எல்லாம் இதில் அடிபட்டுப் போகின்றன. 10 = 9 + 1, தப்பிக்கிறது. உடனே "பத்து இருக்கிறது" என்று கிளம்புவதா? ஹால் டிக்கெட் கைக்கு வந்ததற்கே பாஸ் என்று இனிப்பு கொடுப்பது போலிருக்கிறது. 1959-இல் போஸ், ஸ்ரீகண்டே, பார்க்கர் மூவரும் ஆய்லரின் ஊகத்தை (6, 10, 14 போன்ற வரிசைகளில் இப்படி ஒரு ஜோடி இல்லை என்பது) உடைத்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான இலத்தீன் சதுர ஜோடி வரிசை 10-இலும் உண்டு என்று காட்டியதைச் சிலர் சான்றாகக் கொண்டுவருகிறார்கள். (இலத்தீன் சதுரம் என்றால் ஒவ்வொரு குறியும் ஒவ்வொரு கிடைவரியிலும் நெடுவரியிலும் ஒரே முறை வரும் அட்டவணை; இரண்டை ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் எந்தக் குறி ஜோடியும் திரும்ப வராவிட்டால் அவை செங்குத்தானவை.) ஐயா, வரிசை 10 தளத்துக்கு ஒன்றுக்கொன்று செங்குத்தான ஒன்பது சதுரங்கள் வேண்டும். கையில் இருப்பது இரண்டு.

வரிசை 10 முடிந்துபோன விவகாரம். 1989-இல் கான்கார்டியா பல்கலைக்கழகத்தின் லாம், தீல், ஸ்வெர்ச் மூவரும் பெருங்கணினியில் தேடி, அப்படி ஒரு தளம் இல்லை என்று முடித்தார்கள். கணினித் தேடலை எப்படி நம்புவது என்று சந்தேகப்படுவது நியாயம்தான். அந்தச் சந்தேகத்துக்காகவே வேறொரு குழு வேறு முறையில், சரிபார்க்கக்கூடிய சான்றுகளோடு அதை மறுபடி செய்தது, முடிவு அதேதான்.

சரி, இனி செய்ய வேண்டியது. கோடுகளை எழுதுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் உள்ள புள்ளி ஜோடிகளைக் குறித்துக்கொண்டே போங்கள். ஒரு ஜோடி இரண்டாவது முறை வந்தால் நிறுத்திவிடுங்கள், அது தளம் இல்லை. வரிசை 10-க்கு 111 × 55 = 6105 ஜோடிகள்; புள்ளிகளில் எடுக்கக்கூடிய எல்லா ஜோடிகளும் சரியாக அத்தனைதான், அதனால் எதுவும் திரும்ப வராவிட்டால் எதுவும் விடுபட்டிருக்காது. பத்து வரிக் கணினி நிரல் போதும். அதை ஓட்டாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள், வழிகாட்டியின் கையெழுத்துக்கும் போகாதீர்கள்.

உண்மையிலேயே ஆசை இருந்தால் வரிசை 12 திறந்தே கிடக்கிறது. புரூக்–ரைசர் அங்கே வாய் திறப்பதில்லை. 157 கோடுகள், கோட்டுக்கு 13 புள்ளிகள், 12246 ஜோடிகள். நிரல் ஒன்றும் திரும்ப வரவில்லை என்று சொன்னால் எனக்கு எழுதுங்கள். புள்ளிகளை எண்களாக, வரிக்கு ஒரு கோடாக, சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் அனுப்புங்கள். நோட்டுப் பக்கத்தை போட்டோ எடுத்து மட்டும் அனுப்ப வேண்டாம்.