டேபிள் சோ வாங்கப் போகிறீர்களா? குதிரைவலுவைக் கடைசியாகக் கேளுங்கள்

கொழும்பில் வீட்டிலேயே மரவேலை செய்பவர்கள் கூடிவிட்டார்கள். வெள்ளவத்தையில் கார் நிறுத்தும் இடத்தில், கொட்டாஞ்சேனையில் பின்வளவில், தெஹிவளையில் மொட்டைமாடித் தகரக் கொட்டிலில் என்று எங்கெல்லாமோ சின்னப் பட்டறைகள். வங்கியில் வேலை செய்பவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஐ.டி. துறைப் பிள்ளைகள் என்று எல்லா வகை ஆட்களும் இருக்கிறார்கள். மரவேலை இயந்திரங்களைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் என் தொழில். அதனால் டேபிள் சோ, அதாவது மேசை நடுவிலிருந்து வட்ட வாள் பிளேட் எழுந்து நிற்கும் அறுக்கும் இயந்திரம், வாங்க நினைப்பவர்கள் என்னைக் கேட்பதுண்டு. அநேகமாக எல்லோருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணன், எத்தனை குதிரைவலு எடுத்தால் நல்லது?"

அதைக் கடைசியாகப் பார்ப்போம். முதலில் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இது: பிளேடுக்குப் பின்னால் ரைவிங் நைஃப் என்ற உருக்குத் தகடு இருக்கிறதா, அது பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா? இல்லை என்றால் விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மொரட்டுவைப் பட்டறை ஒன்றில் கை பழகிய பாஸ் ஒருவர் பலகையைத் தள்ளுவார், பின்பக்கம் இன்னொருவர் வாங்கிப் பிடிப்பார், ஏதும் நடந்தால் சுவிட்சை அணைக்க ஆள் இருக்கும். வீட்டுப் பட்டறையில் நீங்கள் தனி ஆள். ஞாயிற்றுக்கிழமை, காதில் சத்தத் தடுப்பு, கதவும் சாத்தியிருக்கும். கூப்பிட்டாலும் மாடியில் இருப்பவர்களுக்குக் கேட்காது. தொழிற்சாலை மெஷினைவிட வீட்டு மெஷினுக்குத்தான் காவல் அதிகம் தேவை.

பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி வெட்டுகின்றன, பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. பலகை வெட்டுப்பட்டுப் பின்னால் போகும்போது வெட்டின் இரு பக்கமும் நெருங்கி பிளேடைக் கவ்வினாலோ, பலகையை நேராக ஓடவைக்கும் ஃபென்ஸ் என்ற பக்கச் சட்டத்தை விட்டுப் பலகை சற்றே விலகினாலோ, எழும் பற்கள் அதைத் தூக்கி உங்கள் பக்கமே எறியும். இதைத்தான் கிக்பேக் என்கிறோம். 250 மில்லிமீற்றர் பிளேட் நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 180 கிலோமீற்றருக்கும் கூடுதலான வேகத்தில் ஓடுகிறது. பலகை வயிற்றில் அடிப்பது ஒரு பக்கம். அதைவிட மோசமானது, பலகை திரும்பும்போது அதன் மேல் இருந்த கையும் பிளேடுக்கு இழுபட்டுப் போவது.

நம் ஊர் மரங்களில் இது நடக்க வாய்ப்பு அதிகம். இறப்பர் மரத்தில் உள்ளிழுவிசை கூட, அரியும்போதே வெட்டு மூடிக்கொள்ளும். சரியாகக் காயாத பலாவும் மஹோகனியும் அப்படித்தான். பழைய வீடு உடைத்த மரம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறோம், அதில் முறுக்கும் இருக்கும், ஆணியும் இருக்கும்.

ரைவிங் நைஃப் என்பது பிளேடுக்குப் பின்னால் சில மில்லிமீற்றர் தள்ளி நிற்கும் வளைந்த உருக்குத் தகடு. வெட்டு மூடாமல் தாங்குவதும், பலகை பின்பற்களின் பக்கம் சாயாமல் தடுப்பதும் அதன் வேலை. பிளேடை உயர்த்தினால் அதுவும் உயரும், சாய்த்தால் அதுவும் சாயும். அதனால் சாதாரண வெட்டுகளுக்குக் கழற்றி வைக்கக் காரணமே இராது. பழைய அமெரிக்க மாதிரிகளில் இருப்பது இதுவல்ல. அவற்றில் பாதுகாப்பு மூடியோடு சேர்ந்த ஒரு பிளவுத்தகடு இருக்கும். பள்ளம் வெட்டும்போது அது இடைஞ்சல் என்று கழற்றுவார்கள், கழற்றியது பிறகு அலமாரிக்கு அடியில்தான் கிடக்கும். மோட்டரும் பெல்ட்டும் பூட்டி உள்ளூரில் ஒட்டிக் கொடுக்கும் இரும்பு மேசைகளில் பெரும்பாலும் எதுவுமே இராது. அவற்றை வீட்டுக்கு எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நைஃப் இருந்தால் மட்டும் போதாது, பிளேடும் அதற்குப் பொருந்த வேண்டும். நான் போய்ப் பார்க்கும் வீடுகளில் அடிக்கடி காணும் தவறு இதுதான். நைஃப் பிளேடின் உடலைவிடத் தடிப்பாகவும், பற்கள் வெட்டும் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். மெஷினோடு வந்த நைஃப் 2.5 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பிறகு பழைய சோனகத் தெருவில் 2.4 மில்லிமீற்றர் வெட்டு அகலமுள்ள மெல்லிய பிளேட் ஒன்றை வாங்கிப் பூட்டுகிறார்கள். பலகை நைஃபில் முட்டி நிற்கிறது. "இது சரியில்லை, இறுக்குது" என்று நைஃபைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்ற வேண்டியது பிளேட். நைஃபின் பக்கவாட்டில் அதன் தடிப்பு எழுதியிருக்கும். பிளேடிலும் வெட்டு அகலம், உடல் தடிப்பு இரண்டும் எழுதியிருக்கும். இந்த மூன்று எண்களையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

சரி, கபினட் வகை தேவையா? மோட்டர் உள்ளே மூடிய இரும்புப் பெட்டி, வார்ப்பிரும்பு மேசை, பெல்ட் ஓட்டம் என்ற அமைப்பு புதிதல்ல. டெல்டா கொம்பனியின் யூனிசோ 1939இலேயே வந்துவிட்டது. பிளேடைத் தாங்கும் பாகங்கள் மேசையில் தொங்காமல் பெட்டியிலேயே பூட்டப்பட்டிருப்பதுதான் இதன் பெரிய நன்மை. மேசையை மட்டும் தளர்த்தி பிளேடுக்கு நேராக்கலாம், நேராக்கியது நாள்பட நிற்கும். நேராக நிற்கும் மெஷினில் கிக்பேக் குறையும். தேக்கு, முதிரை, பலா என்று தடித்த பலகைகளைத் தொடர்ந்து கிழிப்பவர்களுக்குக் கபினட் வகையே சரி. பான்ட்ரி கப்போர்ட் செய்ய மெலமைன் போர்ட் வெட்டுவதுதான் வேலை என்றால் அந்தப் பணத்தை இதில் போடாதீர்கள். எட்டடிப் போர்டைத் தனியாளாக டேபிள் சோவில் தள்ளுவது சிரமம். தண்டவாளத்தில் ஓடும் ட்ராக் சோ ஒன்று போதும், இல்லாவிட்டால் போர்ட் விற்கும் கடையிலேயே பனல் சோவில் வெட்டி வாங்கலாம்.

விரல் பட்டதும் நிற்கும் மெஷினைப் பற்றியும் கேட்கிறார்கள். ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்து, 2004இல் ஸோஸ்டொப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பிளேடில் ஒரு மெல்லிய மின் சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும். தோல் பட்டால் அது மாறும், உடனே ஓர் அலுமினியக் கட்டை பிளேடுக்குள் பாய்ந்து 5 மில்லிசெக்கனுக்குள் நிறுத்திவிடும். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் டேபிள் சோ பிளேட் காயத்தோடு அவசர சிகிச்சைக்குப் போகிறார்கள் என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டிருக்கிறது. அதை நினைத்தால், கை எட்டும் விலை என்றால் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் இரண்டு விஷயம். ஒரு தடவை வேலை செய்தால் அந்தக் கட்டையும் பிளேடும் போய்விடும், ஆகவே மாற்றுக் கட்டையை மெஷினோடு சேர்த்தே தருவித்து வையுங்கள். மிக ஈரமான மரமும் ஆணியும் அதைத் தவறாக உசுப்பிவிடும். நம் ஈரக் காற்றில், மழைக்காலத்தில், மரக்காலையிலிருந்து வந்த கையோடு பலகையை வெட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இதுவும் கிக்பேக்கைத் தடுக்காது. அதற்கு நைஃப்தான்.

அடுத்தது மின்சாரம். வாங்கிய மெஷின் ஓடாமல் கிடப்பதற்கு நான் கண்ட முதல் காரணம் இது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டெயினரில் அனுப்பிய மெஷினில் 230 வோல்ட் என்று எழுதியிருக்கும். "நம்ம கரண்ட்தானே" என்று சந்தோஷப்படுவார்கள். பக்கத்தில் 60 ஹேர்ட்ஸ் என்று இருப்பதைப் பார்க்க மாட்டார்கள். நம் நாட்டில் 50 ஹேர்ட்ஸ். 3,450 சுற்றுச் சுற்ற வேண்டிய மோட்டர் 2,875 சுற்றுத்தான் சுற்றும், அதோடு கூடுதலாகக் காந்தமேறிச் சூடாகும். சும்மா ஓடும்போது ஒன்றும் தெரியாது. இரண்டு அங்குல முதிரையைக் கொடுத்தால் சில நாளில் கருகிய வாசம் வரும். மோட்டரை மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

ஜப்பான் ரீகண்டிஷன் மெஷின்களின் இரும்பு நல்ல இரும்பு, எனக்கும் பிடிக்கும். ஆனால் அவை அநேகமாக 200 வோல்ட் திரீ பேஸ். வீட்டில் சிங்கிள் பேஸ் மட்டும் இருந்தால் வி.எஃப்.டி. என்ற கருவி வேண்டும். அது சிங்கிள் பேஸை வாங்கித் திரீ பேஸாகக் கொடுக்கும், வோல்ட்டையும் 200க்குக் குறைத்து வைக்கலாம். அதற்கும் மோட்டருக்கும் நடுவில் எந்தச் சுவிட்சும் இருக்கக் கூடாது. இதைப் பூட்டியபின் வீட்டு ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழலாம். அப்போது சில எலக்ட்ரீஷியன்மார் ட்ரிப் சுவிட்சையே விலக்கி இணைத்துவிடுகிறார்கள். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். வி.எஃப்.டி.க்கு ஏற்ற வகை ட்ரிப் சுவிட்ச் தனியாக இருக்கிறது, அதைப் போடச் சொல்லுங்கள்.

இனிக் குதிரைவலு. தடித்த கடின மரத்துக்கு 3, மற்றதற்கெல்லாம் ஒன்றரை முதல் 2 போதும். 3 குதிரைவலு மோட்டர் முழுச் சுமையில் சுமார் 13 அம்பியர் இழுக்கும், தொடங்கும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு. 13 அம்பியர் பிளக்கில் இதைக் குத்தவே கூடாது. மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீற்றர் வயர், தொடக்க இழுவையைத் தாங்கும் 20 அம்பியர் பிரேக்கர் என்று போடுங்கள். வீட்டு இணைப்பே 30 அம்பியர் என்றால், ஏசியும் வெந்நீர் ஷவரும் ஓடும் நேரத்தில் மெஷினைத் தொடக்காதீர்கள். நீள எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டி கப்பாசிட்டர் வெடித்த மெஷின்கள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன.

சுவிட்ச் காந்த வகையாக இருக்க வேண்டும். மின்சாரம் போனால் அது தானாக விழும், மின்சாரம் வந்தாலும் நீங்கள் மறுபடி பொத்தானை அழுத்தும்வரை மெஷின் தொடங்காது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டது நினைவிருக்கும். அது ஒரு ஞாயிறு, முற்பகல் பதினொன்றரை மணியளவில். வீட்டுப் பட்டறைகள் ஓடும் நேரமே அதுதான். சாதாரண சுவிட்ச் உள்ள மெஷினில் பலகையைப் பாதியில் விட்டுவிட்டு யாராவது பிளேடுக்குப் பக்கத்தில் தூளைத் தட்டிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் திரும்பி வந்தால் என்னாகும்? வி.எஃப்.டி. போட்டவர்களும் தானாக மீளத் தொடங்கும் வசதியை அணைத்து வைக்க வேண்டும்.

பிளேடின் நடுத்துளை அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மெஷினுக்கு 5/8 அங்குலம், ஐரோப்பிய மெஷினுக்கு 30 மில்லிமீற்றர், நம் கடைகளில் அதிகம் தொங்குவது 25.4. இடைவளையம் போடலாம், ஆனால் கச்சிதமாகப் பொருந்தும் வளையம் மட்டும். தகரம் சுற்றிப் பூட்டிய பிளேடையும் பார்த்திருக்கிறேன், அப்படிச் செய்யவே கூடாது.

கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலி வீதியின் கடற்பக்கம் வார்ப்பிரும்பு மேசை ஒரே இரவில் சிவந்துவிடும். மெழுகு பூசுங்கள், ஆனால் சிலிக்கன் கலந்த கார் பொலிஷ் வேண்டாம், பிறகு வார்னிஷ் ஒட்டாது. பொலித்தீனால் மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும், பழைய பருத்திப் பெட்ஷீட் போதும். கபினட் வகை மெஷின் 200 முதல் 250 கிலோ வரை வரும், மாடிப்படியின் அகலத்தை வாங்குமுன் அளந்து பாருங்கள். தூள் இழுக்கும் கருவியைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. முதிரைத் தூள் சிலருக்குத் தோலையும் தடிக்கவைக்கும்.

கடைசியாக, எழுதப் பிரியமில்லாவிட்டாலும் எழுத வேண்டியது. பட்டறைச் சுவரில் 1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் எண்ணை எழுதி ஒட்டுங்கள், வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள். விரல் துண்டானால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்த வேண்டும். கோப்பித்தூள், மஞ்சள் எதுவும் போடக் கூடாது. துண்டான பாகத்தை ஈரமாக்கிப் பிழிந்த சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு செத்துவிடும். அதைக் காயப்பட்டவரோடு சேர்த்தே அனுப்புங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவு இரவு பகல் திறந்திருக்கும். உடனே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டி வரலாம் என்பதால் வழியில் தேநீரோ சோடாவோ குடிக்கக் கொடுக்காதீர்கள்.