முறிவெதிர்ப்பு: சொல் விளக்கம்

‘ஃப்ராக்சர் டஃப்னஸ்’ என்பதைக் ‘கடினத்தன்மை’ என்று தமிழில் எழுதுவோர் உண்டு. அது பொருளையே புரட்டிவிடும். பட்டறையில் இருக்கும் அரம் இரும்பையே தேய்க்கும் அளவுக்குக் கடினமானது. கல்தரையில் ஓங்கி விழுந்தால் வளையாமல் துண்டாகிவிடும். அதனிடம் இல்லாத குணத்தைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது: ஏற்கெனவே விரிசல் உள்ள ஒரு பாகம், அந்த விரிசலைச் சட்டென்று ஓடவிடாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதை.

உடைத்தல் என்று பொருள்படும் ‘ஃப்ராங்கெரே’ என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது ‘ஃப்ராக்சர்’. தமிழில் பானை உடையும், முருங்கைக் கிளை ஒடியும், எலும்பு முறியும். சுமை தாங்கும் உறுப்புக்கு மருத்துவம் ‘முறிவு’ என்றே வழங்குவதால் பொறியியலுக்கும் அதுவே பொருத்தம். ‘முறிவுத் தகைவு’ என்றால், ‘தகைவு’ ஏற்கெனவே ‘ஸ்ட்ரெஸ்’ என்பதைக் குறிப்பதால், அதோடு குழம்பும். ‘முறிவெதிர்ப்பு’ என்பதே என் தேர்வு.

கருத்துக்கு வித்திட்டது கண்ணாடி. அதன் அணுப்பிணைப்புகளைக் கணக்கிட்டால் வரும் வலிமையில் சிறு பங்குதான் நடைமுறையில் கிடைக்கிறது. நுண்கீறல்களே காரணம் என்று 1921இல் இங்கிலாந்தின் கிரிஃபித் காட்டினார். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லேண்டில், அமைதியான நீரில் துறையோடு பிணைத்து நிறுத்தப்பட்டிருந்த ‘ஸ்கெனெக்டடி’ என்ற எண்ணெய்க் கப்பல் இரண்டாகப் பிளந்தது. ஆணியடித்துப் பிணைத்த தகடுகளில் விரிசல் தகட்டின் விளிம்போடு நின்றுவிட வாய்ப்பு உண்டு. இதுவோ பற்றவைத்த கப்பல். உடல் முழுவதும் இடைவெளியில்லாத ஒரே உலோகத் தொடராக இருந்ததால் விரிசல் தடையின்றி ஓடியது. கிரிஃபித்தின் கருத்தை உலோகங்களுக்கு விரித்து, 1957இல் அளவிடத்தக்க எண்ணாக்கியவர் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் இர்வின்.

முப்பரிமாண அச்சில் உருவாகும் உலோகப் பாகத்துக்கு இந்த எண் மிகவும் முக்கியம். பல சமயம் 30 முதல் 60 மைக்ரான் தடிமனில் பரப்பிய பொடியை லேசர் உருக்கிச் செல்லும் ஒவ்வொரு தடமும் ஒரு பற்றவைப்புதான். மகேந்திரகிரியில் 2024 மே 9 அன்று இஸ்ரோ 665 விநாடிகள் இயக்கிப் பார்த்த பி.எஸ்.4 என்ஜினில் (பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்ட என்ஜின்), அச்சு முறையால் 14 பாகங்கள் ஒன்றாகி 19 பற்றவைப்பு இணைப்புகள் நீங்கின. பெரிய சாதனை. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த இணைப்புகளின் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் இணைப்புகள் வந்திருக்கின்றன.

லேசரின் ஆற்றல் போதாத இடத்தில் இரு அடுக்குகள் ஒட்டாமல் தட்டையான வெற்றிடம் தங்கும். முறிந்த பரப்பை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், அந்தக் குழிக்குள் உருகாத பொடி உருண்டைகள் அப்படியே கிடப்பது தெரியும். அடுக்குக்குச் செங்குத்தாக இழுத்தால் இந்த வெற்றிடமே விரிசலாக வாய் திறக்கும். 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த டைட்டானியத்தில் இன்னொரு சிக்கல்: மிக வேகமாகக் குளிர்வதால் ஊசிபோன்ற நுண்கட்டமைப்பு உண்டாகி, வலிமை ஏறும், முறிவெதிர்ப்பு இறங்கும்.

மருந்து வெப்பப் பதப்படுத்தல். ஏறத்தாழ 920 டிகிரி செல்சியஸில், 100 மெகாபாஸ்கல் வாயு அழுத்தத்தில் சில மணி நேரம் வைத்தால் உள் வெற்றிடங்கள் மூடி, ஊசிகளும் தடித்துவிடும். மேற்பரப்பு வரை திறந்திருக்கும் துளைக்குள் வாயுவே புகுந்துவிடுவதால் அது மட்டும் மூடாது. ஆகவே அச்சுப் பாகத்தின் முறிவெதிர்ப்பைக் குறிப்பிடுவோர், விரிசல் அடுக்கின் எந்தத் திசையில் ஓடியது, பாகம் எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்ற இரண்டையும் கூடவே எழுத வேண்டும்.